எஸ்தர் லெடர்பெர்க்: லாம்டாவும் வெல்வெட் துணியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

அகார் என்ற ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் வளரும் ஈ. கோலி பாக்டீரியாக் கூட்டங்கள், அதாவது காலனிகள், பார்க்க அழகாக இருக்கும். வட்ட வட்டமாக, விளிம்பு வழவழவென்று, பொட்டு வைத்த மாதிரி. 1950ஐ ஒட்டிய நாட்களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எஸ்தர் லெடர்பெர்க் பார்த்த ஒரு தட்டில் அப்படி இல்லை. சில காலனிகளின் ஓரம் பூச்சி அரித்த இலை போல இருந்தது. அங்கங்கே சின்னச் சின்னக் குழிகள், பாக்டீரியாவே இல்லாமல் தெளிந்துபோன இடங்கள்.

ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். பெரும்பாலும் என்ன செய்வோம்? வெளியிலிருந்து ஏதோ கலந்துவிட்டது, தட்டு கெட்டுப்போச்சு என்று சொல்லி, நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு, புதுத் தட்டு ஊற்றுவோம். எஸ்தர் அந்தத் தட்டைத் தூக்கிப் போடவில்லை. அந்த அரிப்புக்குக் காரணம் லாம்டா என்ற பாக்டீரியா வைரஸ். மூலக்கூறு உயிரியலின் பாதிக் கதை அந்த வைரஸை வைத்தே எழுதப்பட்டது.

அவருடைய ஆய்வு வாழ்க்கையை ஒரு நிகழ்வாக எடுத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. லாம்டாவும் வெல்வெட் துணியால் தட்டைப் படியெடுக்கும் முறையும் இல்லாமல் பாக்டீரியா மரபியலைச் சொல்லித்தர முடியாது. இரண்டையும் சொல்லித்தருகிற பலருக்கு எஸ்தரின் பெயர் தெரியாது. தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. "லெடர்பெர்க் கண்டுபிடித்தார்" என்று எழுதினால் நம் மொழியில் அது ஆணா பெண்ணா என்று தெரியாது. வாசிக்கிறவர் மனத்தில் வருவது நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க்தான். அவர் எஸ்தரின் கணவர்.

பின்னணி

எஸ்தர் மிரியம் ஜிம்மர் 1922 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வளர்ந்த பெண். மதியச் சாப்பாடு பல நாட்களில் ஒரு துண்டு ரொட்டி, அதன் மேல் பிழிந்த தக்காளிச் சாறு, அவ்வளவுதான். ஹண்டர் கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்க விரும்பியபோது, பெண்ணுக்கு அறிவியலில் வேலை கிடைப்பது கஷ்டம், வேறு பாடம் எடு என்று ஆசிரியர்கள் தடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. 1942இல் பட்டம் வாங்கினார்.

அப்புறம் அலெக்சாண்டர் ஹாலண்டரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து நியூரோஸ்போரா என்ற பூஞ்சையில் வேலை செய்தார். 1944இல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் ஜார்ஜ் பீடில், எட்வர்ட் டாட்டம் ஆகியோரின் சூழலில் மரபியல் கற்றார். கையில் காசே இல்லாத காலம் அது. ஆய்வக வகுப்பில் அறுத்துப் பார்த்த தவளைகளின் மிச்சக் கால்களைச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். 1946இல் முதுகலைப் பட்டம், அதே டிசம்பரில் ஜோஷுவாவுடன் திருமணம். ஈ. கோலி பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபுப் பொருளைப் பரிமாறிக்கொள்கின்றன என்று டாட்டமுடன் சேர்ந்து காட்டி, மிகச் சிறிய வயதிலேயே பெயர் வாங்கியவர் ஜோஷுவா. அவருக்கு விஸ்கான்சினில் ஆசிரியர் வேலை கிடைத்தது. எஸ்தர் அங்கேயே ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, ஈ. கோலியில் சடுதி மாற்றத்தின் மரபியல் பற்றி எழுதி 1950இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இருபத்தெட்டு வருடம் ஒளிந்திருந்த வைரஸ்

இப்போது அந்தத் தட்டுக்கு வருவோம். கே-12 என்ற ஈ. கோலி ரகம் 1922இல், டிப்தீரியாவிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் மலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. எஸ்தர் பிறந்த அதே வருடம் என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். பின்னால் பாக்டீரியா மரபியலில் கிட்டத்தட்ட எல்லாரும் பயன்படுத்திய ரகம் இது. இத்தனை பேர் கைபட்டும் அதற்குள் ஒரு வைரஸ் குடியிருப்பது ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

விடை எளிது. லாம்டா, பாக்டீரியாவுக்குள் நுழைந்ததும் அதைக் கொன்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் உள்ள வைரஸ் அல்ல. தன் டிஎன்ஏவைப் பாக்டீரியாவின் குரோமோசோமில் சொருகிவிட்டு, ஒரு அடக்கிப் புரதத்தை மட்டும் உண்டாக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் இருந்துவிடும். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது லாம்டாவும் கூடவே பிரதியாகும். அந்த அடக்கிப் புரதமே வெளியிலிருந்து வரும் இன்னொரு லாம்டாவையும் முடக்கிவிடுவதால், உள்ளே ஒன்றை வைத்திருக்கும் பாக்டீரியாவை மற்றொன்று கொல்ல முடியாது. எப்போதாவது ஒரு செல்லில் வைரஸ் விழித்துக்கொண்டு செல்லை வெடித்து வெளியே வந்தாலும், சுற்றிலும் இருப்பவை எல்லாம் பாதுகாப்புள்ள கே-12. கொல்வதற்கு ஆள் இல்லாத இடத்தில் பிணம் எப்படி விழும்? தட்டில் ஒரு புள்ளிகூடத் தெளியாது.

எஸ்தர் கையாண்ட ரகங்களில் ஒன்று, புறஊதாக் கதிர் பட்டுப் பிழைத்த வழித்தோன்றல். கதிர்வீச்சில் அது லாம்டாவைத் தொலைத்துவிட்டிருந்தது. வைரஸோடு சேர்த்துப் பாதுகாப்பும் போய்விட்டது. இதை வழக்கமான கே-12 உடன் ஒரே அகாரில் கலந்தபோது, கே-12இலிருந்து அவ்வப்போது கசியும் லாம்டாவுக்கு முதல்முறையாக இரை கிடைத்தது. அரித்த விளிம்புகள் வந்தது அதனால்தான். வைரஸ் வெளியிலிருந்து கலந்ததல்ல, எல்லாரும் தூய்மையானது என்று நம்பிய தாய் ரகத்திலேயே இருந்தது என்பதை எஸ்தர் புரிந்துகொண்டார். கண்டுபிடிப்பு 1951இல் அச்சில் வந்தது.

என் பார்வையில் இதைவிட முக்கியமான கட்டம் அடுத்து வந்தது. லாம்டா என்று அவர் பெயர் வைத்ததன் பின்னால் ஓர் ஊகம் இருந்தது. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியில் குரோமோசோமுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருந்துகொண்டு பரம்பரையாகக் கடத்தப்படும் காப்பா என்ற ஒரு பொருள் அப்போது தெரிந்திருந்தது. இதுவும் அந்த மாதிரியாக இருக்கலாம் என்று நினைத்து, கிரேக்க வரிசையில் காப்பாவுக்கு அடுத்த எழுத்தை எடுத்தார். பிறகு அந்த ஊகத்தைத் தானே சோதனைக்கு அனுப்பினார். லாம்டா உள்ள ரகத்தையும் இல்லாத ரகத்தையும் கலப்பு செய்து பார்த்தால், லாம்டா இருக்கும் தன்மை காலக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்தும் மரபணுவோடு ஒட்டிக்கொண்டே போனது. அப்படியென்றால் அது சைட்டோபிளாசத்தில் திரியவில்லை, குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தோடு பிணைந்திருக்கிறது. 1953இல் ஜோஷுவாவுடன் சேர்ந்து இதை வெளியிட்டார். பெயர் நிலைத்துவிட்டது, பெயருக்குப் பின்னால் இருந்த ஊகத்தை வைத்தவரே கழற்றிவிட்டார்.

அந்த இடத்திலிருந்து கிளைத்தவை நிறைய. பாரிஸில் ஆந்த்ரே ல்வோஃப் புறஊதாக் கதிரால் உறங்கும் ஃபேஜை, அதாவது பாக்டீரியா வைரஸை, எழுப்பலாம் என்று வேறொரு பாக்டீரியாவில் காட்டியிருந்தார். பிரான்சுவா ஜாக்கோப் குழு லாம்டாவை எடுத்துக்கொண்டு, மரபணுக்கள் எப்படித் திறந்து மூடப்படுகின்றன என்ற கேள்வியில் இறங்கியது. 1967இல் மார்க் டாஷ்னே லாம்டாவின் அடக்கிப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1982இல் ஃப்ரெடெரிக் சாங்கரின் குழு லாம்டா டிஎன்ஏவின் 48,502 எழுத்துகளையும் வாசித்து முடித்தது. மரபணுக்களை ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் லாம்டா பல வருடம் ஓடியது.

வெல்வெட்

மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா எப்படி உருவாகிறது? மருந்தைப் பார்த்த பிறகு அதற்கு ஏற்றபடி மாறிக்கொள்கிறதா, அல்லது மருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் ஒன்றிரண்டு தற்செயலாக மாறியிருந்து, மருந்து மற்றவற்றைக் கொன்றதும் அவை மட்டும் மிஞ்சுகின்றனவா? 1943இல் சால்வடார் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு இரண்டாவதுதான் சரி என்று காட்டியிருந்தார்கள். ஆனால் அது புள்ளியியல் வாதம். கணிதம் ஒத்துவராத உயிரியலாளர்கள் பலர் மனத்தளவில் ஏற்கவில்லை. மருந்தையே பார்க்காத ஒரு எதிர்ப்பு பாக்டீரியாவைக் கையில் எடுத்துக் காட்டினால்தான் வழக்கு முடியும்.

இதற்கு ஒரு தட்டில் உள்ள காலனிகளை, இடம் மாறாமல், அப்படியே இன்னொரு தட்டுக்குப் படியெடுக்க வேண்டும். பல் குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்துப் பார்த்தார்கள். காகிதத்தை ஒற்றிப் பார்த்தார்கள். கம்பி முட்கள் வைத்த தூரிகைகூட முயன்றார்கள். எதுவும் சரிப்படவில்லை. முகப்பவுடர் ஒற்றும் பஞ்சைப் பார்த்து எஸ்தருக்கு யோசனை வந்ததாக அவரோடு பழகிய ஆய்வாளர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். துணிக்கடையில் தேடி, சரியான அடர்த்தியில் மயிர் நிற்கும் வெல்வெட்டைப் பிடித்தார். அதைக் கிருமி நீக்கி, உருளை வடிவக் கட்டையின் தலையில் இறுக்கிக் கட்டி, காலனித் தட்டைக் கவிழ்த்து ஒற்றி எடுத்தால், துணியின் ஒவ்வொரு மயிரும் ஒரு நுண்ணிய ஊசி போல பாக்டீரியாவைத் தொட்டுக்கொள்ளும். அடுத்த தட்டை அதே துணியில் ஒற்றினால் நகல் தயார்.

காகிதத்தில் படித்தால் குழந்தை வேலை. நானே முதல்முறை செய்தபோது கிடைத்தது நகல் அல்ல, இழுபட்ட சேறு. அகாரில் ஈரம் அதிகம், காலனிகள் வழுக்கிக்கொண்டு போய்விட்டன. தட்டைச் சரியாகக் காயவைத்து மறுபடி செய்தேன். இந்த முறை கை நடுங்கி, தட்டு துணியின் மேல் ஒரு நூலளவு திரும்பிவிட்டது, எல்லாக் காலனிக்கும் ஒரு வால். மூன்றாவது முறை அழகாக வந்தது, ஆனால் தட்டின் ஓரத்தில் திசைக்குறி போட மறந்துவிட்டேன். எந்தக் காலனி எதனுடைய நகல் என்றே தெரியவில்லை. புதுத் துணியைத் துவைக்காமல் பயன்படுத்தினால் பஞ்சு உதிர்ந்து தட்டெல்லாம் நூல். ஒரே தாய்த் தட்டிலிருந்து நாலைந்து நகல்களைச் சீராக எடுத்தவர்களின் கைத்திறன் எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சோதனையின் தர்க்கம் இப்படி. மருந்தே இல்லாத தாய்த் தட்டில் பாக்டீரியா படர்ந்து வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கலந்த தட்டுகளுக்கு நகல் எடுக்கிறோம். எல்லா நகல்களிலும் ஒரே இடத்தில் எதிர்ப்புக் காலனி முளைத்தால், அது மருந்துத் தட்டில் தற்செயலாகப் பிறந்திருக்க முடியாது. தாய்த் தட்டின் அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். உடனே மருந்து படாத தாய்த் தட்டுக்குத் திரும்பி, அதே இடத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, மறுபடி வளர்த்து, மறுபடி நகல். ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்பு செல்களின் பங்கு கூடிக்கொண்டே போகும். கடைசியில், ஸ்ட்ரெப்டோமைசினை ஒருமுறைகூடச் சந்திக்காத, ஆனால் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அசையாத தூய ரகம் கையில் இருக்கும். டி1 ஃபேஜை எதிர்க்கும் பாக்டீரியாவையும் இதே வழியில் பிரித்தார்கள். கட்டுரை 1952இல் வந்தது. முதல் பெயர் ஜோஷுவா, இரண்டாவது எஸ்தர்.

இந்த இரண்டைத் தவிரவும் அவர் பங்கு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சில ரகங்களை ஒன்றோடொன்று சேர்த்து வளர்த்தாலும் மரபுப் பொருள் பரிமாற்றமே நிகழவில்லை. பரிமாற்றம் செய்யவல்ல, வளமான ரகத்தோடு சேர்த்து வளர்த்தால், தொற்று போல அந்த வளம் இவற்றுக்கும் வந்தது. எஃப் காரணி என்று இன்று நாம் சொல்வது இப்படித் தொற்றும் வளக் காரணியைத்தான். 1952இல் ஜோஷுவா, காவல்லி, எஸ்தர் மூவரும் எழுதினார்கள். வில்லியம் ஹேஸும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். 1956இல் மோர்ஸும் லெடர்பெர்க் தம்பதியும் சேர்ந்து, லாம்டா கே-12இலிருந்து கிளம்பும்போது பக்கத்திலிருக்கும் காலக்டோஸ் மரபணுக்களை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறது என்று காட்டினார்கள்.

கணக்கு எங்கே பிரிந்தது

1956இல் இல்லினாய் பாக்டீரியாவியலாளர் சங்கம் பாஸ்டர் விருதைக் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது. இரண்டே வருடம் கழித்து, 1958இல், நோபல் பரிசில் பாதி பீடிலுக்கும் டாட்டமுக்கும், மறுபாதி ஜோஷுவாவுக்கும் போனது. அப்போது அவருக்கு வயது 33. பரிசுக் குறிப்பு சொன்னது மரபணு மறுசேர்க்கை, பாக்டீரியாவின் மரபுப் பொருள் அமைப்பு ஆகியவை பற்றிய கண்டுபிடிப்புகளை.

இதில் நியாயம் பேசுவதென்றால் கவனமாகப் பேச வேண்டும். மறுசேர்க்கைக் கண்டுபிடிப்பு ஜோஷுவா டாட்டமுடன் செய்தது, திருமணத்துக்கு முந்தையது. அதை எஸ்தர் கணக்கில் எழுதுவது தப்பு. ஜோஷுவா அசாத்தியமான கோட்பாட்டு மூளை உள்ளவர் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் குறிப்பின் இரண்டாவது பாதி, மரபுப் பொருளின் அமைப்பு, பெரிதும் 1950களின் விஸ்கான்சின் வேலையின் மேல் நிற்கிறது. லாம்டா குரோமோசோமில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் எஃப் காரணியும் அதற்குள் வருகின்றன. அங்கே எஸ்தரின் பங்கு உதவியாளர் பங்கு அல்ல.

இந்த நிகழ்வின் முடிச்சு கைவேலையில் இருக்கிறது என்பது என் கருத்து. தட்டில் அரிப்பைக் கண்டது, வெல்வெட்டைத் தேர்ந்தது, கலப்புகளை நூற்றுக்கணக்கில் சலிக்காமல் செய்தது எல்லாம் "செய்முறை" என்ற தலைப்பின் கீழ் போய்விட்டன. கேள்வியை எழுதியவர், கருத்தரங்கில் நின்று பேசியவர் பெயரில் "சிந்தனை" சேர்ந்தது. ஆனால் வெல்வெட் வரும்வரை அந்தக் கேள்விக்குச் சோதனையே இல்லை. அரித்த காலனியைக் குப்பை என்று நினைக்காமல் இருந்ததைச் சிந்தனை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்தது மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது.

பதவி விஷயமும் இதே வழியில்தான் போனது. கணவனும் மனைவியும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருக்கக்கூடாது என்ற விதிகள் அன்றைய அமெரிக்காவில் பரவலாக இருந்தன. 1959இல் ஜோஷுவா ஸ்டான்ஃபோர்டு மருத்துவக் கல்லூரியில் மரபியல் துறையை நடத்தப் போனார். எஸ்தரும் போனார், நிரந்தரமில்லாத ஆய்வாளர் பதவிகளில். 1960களின் பிற்பகுதியில் திருமணம் முறிந்தது. 1974இல் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் அவருக்குக் கிடைத்தது துணைநிலைப் பேராசிரியர் பதவி. பணி உறுதி கிடையாது, நிதியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். லாம்டாவைக் கண்டுபிடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு நடந்தது இது. இந்த வரியை எழுதும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

பிளாஸ்மிட் பதிவேடு

1976 முதல் 1986 வரை ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ்மிட் மேற்கோள் மையத்தை எஸ்தர் நடத்தினார். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் குரோமோசோமுக்கு வெளியே தனியாகப் பிரதியாகும் சிறு டிஎன்ஏ வளையம். இதைப் பற்றி அதிகம் யாரும் எழுதுவதில்லை. அந்த வருடங்களில் மரபணுக்களை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம் வெடித்துக் கிளம்பியது. உலகம் முழுவதும் ஆய்வகங்கள் பிளாஸ்மிட்களை உண்டாக்கித் தள்ளின. இரண்டு ஆய்வகங்கள் ஒரே பெயரை இரண்டு வெவ்வேறு பிளாஸ்மிட்களுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தபாலில் வந்த குழாயில் இருப்பது எது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஆய்வகமும் தனக்கென்று முன்னெழுத்துகளைப் பதிந்துகொள்ள வேண்டும், டிரான்ஸ்போசான் என்ற தாவும் மரபணுக்களுக்கு டிஎன் என்ற எழுத்தோடு வரிசை எண் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. எழுத்தையும் எண்ணையும் ஒதுக்கிக் கொடுத்தது இந்த மையம். பழைய டிரான்ஸ்போசான் கட்டுரைகளைப் படிக்கிறவர்கள், எண் ஒதுக்கியதற்காக இந்த மையத்துக்குச் சொல்லப்பட்ட நன்றி வரியைப் பார்த்திருப்பார்கள்.

1985இல் எஸ்தர் பணி ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் மையத்தின் வேலையைச் சம்பளமில்லாமல் தொடர்ந்தார். 2006 நவம்பரில், 83 வயதில், ஸ்டான்ஃபோர்டில் காலமானார்.

1977 முதல் 1985 வரை எந்த ஆய்வகத்துக்கு எந்த முன்னெழுத்து ஒதுக்கப்பட்டது என்ற முழுப் பட்டியல் 1986இல் "பிளாஸ்மிட்" என்ற ஆய்விதழில் பல பக்கங்களுக்கு அச்சாகி வந்தது. கட்டுரையாளர் இடத்தில் பெயர் ஒன்றே ஒன்றுதான்: ஈ. எம். லெடர்பெர்க்.